நகைக்கடை மறக்காத பிறந்தநாள்

1

நம் பள்ளி ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள், பிள்ளைகளே. நானும் அதே பள்ளியில் படித்தவன்தான். பத்தாவதோடு நின்று, ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, சிட்கோவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். என்னைப் போய் எழுதக் கேட்டது உங்களுடைய பெரிய மனசு.

இங்கே அயர்லாந்தில் நின்று நின்று தூறும் மழை, கோடையில் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போதும் அடிக்கிற வெயில், மூன்று வேளையும் உருளைக்கிழங்கு என்றெல்லாம் எழுதலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியிருப்பேன். சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பட்டன் செல்போன் ஒரு சத்தம் போட்டது.

அது என் மனைவியின் கோயமுத்தூர் நம்பர். வங்கியிலிருந்து ஏதாவது வரும் என்பதற்காக உயிரோடு வைத்திருக்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். எடுத்துப் பார்த்தேன். கோயமுத்தூரில் ஒரு நகைக்கடையிலிருந்து வந்த குறுஞ்செய்தி. "உங்கள் செல்ல மகளுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். அவளுடைய மஞ்சள் நீராட்டுச் சீருக்குத் தாவணி செட் நகைகள் இப்போது சிறப்புச் சலுகையில்." நடுவில் மகளின் பெயரும் இருந்தது.

படித்துவிட்டு போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அந்த மகள் உயிரோடு இல்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். இப்போது இருந்திருந்தால் உங்களில் ஆறாவது படிக்கும் பிள்ளைகளின் வயது இருக்கும். அந்தக் கணக்கைக்கூட நான் போடவில்லை, கடைக்காரர்தான் போட்டு அனுப்பியிருந்தார்.

மழையைப் பற்றி எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று பட்டது.

தொடங்கும் முன் ஒன்று. அந்தக் குழந்தையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். பாப்பா என்றே எழுதுகிறேன். என் மூத்த மகளுக்கு இப்போது பதினாறு. அவளும் தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். "யார் படிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதில்லப்பா" என்றாள். அதனால் அவள் பெரியவள். என் மனைவியிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பெயரையும் விட்டுவிட்டேன். கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் என் மச்சான் தங்கவேலிடம் மட்டும் போனில் கேட்டபோது, "நல்லாப் பெருசாப் போடுங்க மாப்ளே! போன் நம்பரையும் சேத்திப் போட்டீங்கன்னா நாலு யாவாரமாச்சும் வரும்" என்றார். பெயரைப் போட்டுவிட்டேன், நம்பரைப் போடவில்லை.

2

நகைக்கடைக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவும் தங்கவேல் மச்சானால்தான்.

நம் பக்கத்தில் குழந்தைக்கு வெள்ளி அரணாக்கொடி தாய்மாமன் எடுத்துப் போட வேண்டும். மச்சான் கோபியிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, எங்களை ஒப்பணக்கார வீதிக்கு அழைத்துக்கொண்டு போனார். கொடி எடுத்து, கொலுசும் எடுத்து, பில் போடும் இடத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா பேருங்கண்ணா?"

மச்சான் சொன்னார். பெயரோடு நிற்கவில்லை, அதற்கு அர்த்தமும் சொன்னார்.

"பொறந்த தேதிங்க?"

"தேதி சொல்றேன். நேரமும் வேணுங்களா அம்மணி? நட்சத்திரம் சொல்லட்டுமா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நட்சத்திரம் போட இதுல எடமில்லீங்கண்ணா. செல் நம்பர் மட்டும் சொல்லுங்க போதும்."

"என் நம்பர் எதுக்கு? பாப்பாவோட அம்மா நம்பரைப் போட்டுக்கோங்க. அப்பன் பேரும் போட்டுக்கோங்க. தொண்டாமுத்தூர் ரோட்டுல வந்து கேட்டா யாரு வேணாலும் ஊட்டைக் காட்டுவாங்க."

நானும் பக்கத்தில் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். எதற்காகக் கேட்கிறார்கள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருத்தர் "ங்க" போட்டுக் கேட்கும்போது, எதுக்குங்க என்று திருப்பிக் கேட்பது நம் ஊரில் மரியாதை இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊருங்க என்று கேட்டால் நாம் ஊரைச் சொல்லி, தோட்டத்தைச் சொல்லி, யார் மகன் என்று சொல்லி, பெண் எடுத்த ஊரையும் சொல்லிவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்புவோம். அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் காந்திபுரத்தில் இறங்கிப் போய்விடுவார். அவரோடு அதுவும் போய்விடும். கம்ப்யூட்டர் இறங்கிப் போவதில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

3

பாப்பா போனது ஆடி மாதம். காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் காய்ச்சல். என் மனைவி நர்ஸ், கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், அப்போது பிரசவ லீவில் இருந்தாள். காய்ச்சலுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். மூன்றாம் நாள் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வழியிலேயே அவள் குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றாள். பேரூருக்கு முன்னால் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். திரும்பிவிட்டோம். மதியத்துக்குள் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து எல்லோரும் குளித்தோம்.

நம் வழக்கத்தில் அவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காரியம் கிடையாது. திதி கிடையாது. போட்டோ மாட்டிப் பொட்டு வைக்கக்கூடாது. பேசப் பேச அம்மாக்காரிக்கு மனசு ஆறாது என்று பெயரையும் சொல்லமாட்டார்கள். பெரியவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், நாங்களும் அப்படியே இருந்தோம். அடுத்த வாரம் நான் லேத்துக்குப் போனேன். இரும்பு சுற்றியது.

போனுக்கு மட்டும் இந்த வழக்கம் தெரியவில்லை.

முதலில் குழந்தை நாப்கின் கம்பெனி. பிறகு சத்துமாவு. "உங்கள் குழந்தைக்கு இப்போது பல் முளைக்கும் பருவம்" என்று ஒன்று வந்தது. "உங்கள் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதா?" என்று இன்னொன்று. தடுப்பூசி போட நாள் வந்துவிட்டது என்று அரசாங்கத்திலிருந்தும் வந்தது. பிளே ஸ்கூல், எல்.கே.ஜி. அட்மிஷன், படிப்புக்கான காப்பீடு. ஒரு வருஷம் அபாகஸ். ஒரு வருஷம் பரதநாட்டியம். இவர்களெல்லாம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னோம், பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னோம், நகைக்கடையில் சொன்னோம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் ஒருவர் மேல் பழி போட மாட்டேன்.

நான் முதல் ஒன்றிரண்டை அழித்தேன். பிறகு அழிக்கவும் இல்லை. எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

4

பாப்பா போன மூன்றாம் வருஷம் என் மனைவிக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுக்குப் பின்னால் நானும் பெரியவளும் வந்தோம். அவள் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் நர்ஸ். நான் ஒரு சாமான் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறேன். லேத் பிடித்த கை பழகிக்கொண்டது. அட்டைப்பெட்டி எதிர்த்துப் பேசாது.

வந்த புதிதில் என்னை ஆச்சரியப்படுத்தியது மழை இல்லை. பெரியவளின் பள்ளியிலிருந்து, சுற்றுலாவில் எடுத்த ஒரு போட்டோவைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாமா என்று எங்களைக் கேட்டு எழுதினார்கள். கூட்டத்தில் எங்கள் பிள்ளையின் பாதி முகம்தான் தெரிந்தது. அதற்குப் போய்ச் சம்மதம் கேட்கிறார்களே என்று நான் சிரித்தேன். நம் ஊரில் பிள்ளை மார்க் எடுத்தாலும் பிளெக்ஸ், வயசுக்கு வந்தாலும் பிளெக்ஸ். யாரும் பிள்ளையைக் கேட்பதில்லை.

என் மனைவி விடுதியில் யாரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஜன்னலோரப் பாட்டி இன்னிக்குச் சாப்பிடலீங்க" என்பாள். பேர் கேட்டால், "அது சொல்லக்கூடாதுங்க" என்பாள். ஒரு தடவை கடையில் ஒரு பெண் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன பிறகு யார் என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க" என்றாள்.

ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே எந்த ஆபீசுக்குப் போனாலும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்கள். டாக்டர் ஆபீசில் முதல் தடவை கேட்டபோது, என் அரைகுறை இங்கிலீஷில் "டூ" என்று சொன்னேன். உடனே "ஒன்" என்றேன். அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒன் இஸ் நாட் கம்" என்றேன். இந்தியாவிலேயே ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அம்மாள், கவலைப்படாதீர்கள், பிள்ளை சீக்கிரம் வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னாள். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தேன்.

5

போன வருஷம் பட்டன் போனில் ஒரு அழைப்பு வந்தது. என் மனைவி எடுத்தாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பட்டன் போனில் பேசுகிற சத்தம் வெளியே நன்றாகக் கேட்கும்.

"வணக்கமுங்க. தொண்டாமுத்தூர் பக்கமிருந்து ஸ்கூல் டீச்சர் பேசறேனுங்க. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக கணக்கு எடுக்கறோமுங்க. உங்க பாப்பா பேரு பொறப்புக் கணக்குல இருக்குது, எந்தப் பள்ளிக்கூடத்துலயும் காணோமுங்க. ஊட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. பாப்பா எங்கீங்க படிக்குது?"

அந்த டீச்சர் மேல் குறையே இல்லை. ஒரு பிள்ளையும் விட்டுப்போகக்கூடாது என்று வெயிலில் வீடு வீடாகப் போகிறவர். நான் கத்தியைக் கீழே வைத்தேன். போனை வாங்கலாம் என்று எழுந்தேன்.

"எங்ககூடத்தாங்க இருக்குது, டீச்சர்" என்றாள் என் மனைவி. "வெளிநாட்டுலயே படிக்குதுங்க."

"அப்படீங்களா! எத்தனாவதுங்க?"

"அஞ்சாவது."

"ரொம்ப சந்தோசமுங்க. அப்படியே பதிஞ்சுக்கறேனுங்க. பாப்பா நல்லாப் படிக்கட்டும்."

போனை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, மீதி வெங்காயத்தை எடுத்து என் மனைவி நறுக்க ஆரம்பித்தாள். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. குழம்பு வைத்தோம், சாப்பிட்டோம்.

அரசாங்கத்தின் கணக்கில் பாப்பாவும் எங்களோடு குடி வந்துவிட்டாள்.

அந்த நம்பருக்கு ரீசார்ஜ் தீர்வதற்கு முன்பே யார் போட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வங்கிக்காக இல்லை.

6

இந்த வருஷம் பிறந்தநாள் செய்தி வந்து சில நாள் கழித்து, நான் வேலையிலிருந்து வந்தபோது என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் ஒரு பையனின் குரல் கேட்டது. கல்வித்துறையிலிருந்து பேசுகிறேன், பாப்பாவுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, உங்கள் போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பாப்பாவின் பெயரைச் சொன்னான். பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னான். என் பெயரைச் சொன்னான். எண் வரவில்லையா அம்மா என்று கேட்டு, மறுபடியும் பாப்பாவின் பெயரைச் சொன்னான்.

நான் போனை வாங்கி அணைத்தேன்.

"ஏம்புள்ள, திருட்டுப்பயன்னு தெரியலியா உனக்கு? விடுதியில இருக்கற கெழடுகளுக்கெல்லாம் நீதான அறிவு சொல்றே, போன்ல எதையும் சொல்லாதீங்கன்னு?"

"தெரியுமுங்க. மொத வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குக் கேட்டுட்டு உக்காந்திருந்தே?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேரைச் சொன்னானுங்க. யாராச்சும் சொல்லி எத்தனை வருஷமாச்சு."

எண்ணை அவள் சொல்லவில்லை, பணம் ஒன்றும் போகவில்லை. அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவளாகவே பேசினாள்.

"எல்லாப் பக்கத்துலயும் எடுத்துப்போடச் சொல்லுங்க. கடைக்காரன்கிட்ட இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு நெனச்சேன். கண்டவன் வாயில எல்லாம் அவ பேரு வரவேண்டாமுங்க."

பெரியவள் உடனே நிமிர்ந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல! நாம கேட்டா அவங்க அழிக்கணும். இங்க அது நம்ம உரிமை."

அவளுக்கு இந்தச் சட்டமெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறது. தேடிப் படித்தேன், பாதிதான் புரிந்தது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் ஒருவர் விவரத்தை வாங்க வேண்டும், பிள்ளைகள் விவரம் என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்றால் அழிக்கக் கேட்கலாம் என்று இருக்கிறது. முழுதாக நடைமுறைக்கு வர நாளாகும் என்கிறார்கள். வரட்டும். உங்கள் காலத்துக்காவது உதவும்.

7

நகைக்கடைக்கு நான்தான் பேசினேன். பெரியவளுக்கு உரிமை தெரியும், அதைத் தமிழில் கேட்க வராது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கமுங்க சார், சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பாப்பா இல்லை என்று நான் வாய்விட்டு ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார். எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. நான் வேணும்னா உங்க நம்பரை மொத்தமா எடுத்துடறேனுங்க. ஆனா பாப்பா விவரம் அதுல தனியா ஏறியிருக்குது. அதை எடுக்கணும்னா மேல அனுப்போணும். பாப்பாவோட டெத் சர்டிபிகேட்டு, பாப்பா ஆதார், உங்க ஆதார் மூணையும் ஒரு வாட்ஸ்அப் நம்பர் தாரேன், அதுக்கு அனுப்பிவெச்சுடுங்க சார்."

பெரியவள் என் தோளைத் தட்டினாள். "ஒண்ணை அழிக்கறதுக்கு மூணு கேக்கறாங்களா? லூசாப்பா இவங்க?"

"யாருங்க சார் அது?"

"பெரிய பொண்ணுங்க."

"அவங்க கேக்கறது நாயந்தானுங்க" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "ஆனா எனக்கு மேல இருக்கறவங்க கேக்கறதைத்தானுங்களே நான் கேக்க முடியும்?"

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. பாப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் இல்லை. பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை, அதனால் ஆஸ்பத்திரிக் கணக்கில் இல்லை. காரியம் இல்லாத சாவுக்குச் சான்றிதழ் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. சொத்தா, பென்ஷனா? பிறந்ததை மட்டும் பதிந்திருந்தோம். காகிதத்தில் பாப்பா இன்னும் இருக்கிறாள், வெளிநாட்டில் படிக்கிறாள். பள்ளிக்கூடக் கணக்கில் திருத்தவும் அதே சான்றிதழ்தான் வேண்டும்.

என் மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அண்ணனைப் போய்ப் பதியச் சொல்லுங்க" என்றாள்.

8

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட சாவைப் பதிய வேண்டும் என்றால் மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். வி.ஏ.ஓ. விசாரித்து எழுத வேண்டும். அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல வேண்டும். தங்கவேல் மச்சான் மண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டு கோபிக்கும் எங்கள் ஊருக்குமாக பஸ்ஸில் அலைந்தார். ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஆபீசுக்கு எதிரில் டீக்கடையில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டார். அவர் பேசுவது எப்போதும் மைக் வைத்த மாதிரி இருக்கும்.

"மாப்ளே! உங்க ஆதார் ஜெராக்ஸ் பத்தலை! நம்பரைச் சொல்றேன், சரியான்னு பாருங்க…"

"மச்சான், மெதுவாப் பேசுங்க. பக்கத்துல யாரு?"

"எல்லாம் நம்ம ஆளுகதானுங்க!"

"அதான் பயமே."

மச்சான் சிரித்தார். "வெளிநாடு போயி ரொம்பத்தான் உசாராயிட்டீங்க." கையிலிருந்த போண்டாவை ஒரு காகிதத்தோடு தூக்கிக் காட்டினார். "இங்க பாருங்க. யாரோ அம்மாவோட வாக்காளர் அட்டை ஜெராக்ஸு. மூஞ்சி மேல எண்ணெய். ஜெராக்ஸ் கடைக்காரன் கெட்டுப்போனதையெல்லாம் எடைக்குப் போட்டுர்றான் போல."

பிள்ளைகளே, நகல் எடுத்தால் கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். கொடுக்கும் நகலில் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதுங்கள். யார் கேட்டாலும் மரியாதையாகவே, "எதுக்குங்க?" என்று கேளுங்கள். "ங்க" போட்டே கேட்கலாம். மரியாதையும் குறையாது, விவரமும் போகாது. எனக்குச் சொல்லத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

மச்சான் போண்டாவைக் கீழே வைத்தார். முகம் மாறியிருந்தது.

"மாப்ளே, உள்ள தேதி கேக்கறாங்க."

"என்ன தேதி?"

"பாப்பா போன தேதி."

தேதி ஞாபகத்துக்கு வரவில்லை. ஆடி என்று தெரியும். காற்று தெரியும். அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றியது தெரியும். திதி கொடுத்திருந்தால் வருஷா வருஷம் நாள் பார்த்திருப்போம், மனசில் நின்றிருக்கும். பிறந்தநாளைக் கடைக்காரர் ஞாபகம் வைத்திருந்தார். இதை ஞாபகம் வைக்க யாருக்கும் வேலை இல்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா மச்சான்?"

"எனக்கும் இல்லீங்க மாப்ளே. லாரியில தார் ஏத்திட்டிருந்தேன், போன் வந்துச்சு. அப்படியே போட்டுட்டு வந்தேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை. ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கலாங்களா? ஆபீசுல யாரு பார்க்கப்போறா?"

என் மனைவி டூட்டிக்குப் போட வேண்டிய உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தேதியைச் சொன்னாள். கிழமையைச் சொன்னாள். காரில் எந்த இடத்தில், மணி என்ன என்று சொன்னாள். காலர் மேல் இஸ்திரிப்பெட்டி போய்க்கொண்டே இருந்தது. பெரியவள் மாடிப்படியில் பாதியில் நின்றாள்.

என் மனைவி போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, கேட்டுச்சா? தாள்ல எழுதிக்கோ. சத்தமாத் திருப்பிச் சொல்லாதே."

"சரி அம்மணி" என்றார் தங்கவேல் மச்சான். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. டீக்கடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். எழுதியதைக் கையால் மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போவது வீடியோவில் தெரிந்தது.

உத்தரவு இன்னும் வரவில்லை. வந்ததும் சான்றிதழ், அது வந்ததும் நகைக்கடை, பிறகு ஒவ்வொன்றாக.

அந்தத் தேதி எந்தக் கடையிலும் இல்லை, எந்தக் கம்பெனியிலும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. இங்கேயும் அதை எழுதப்போவதில்லை, பிள்ளைகளே. நீங்கள் "ங்க" போட்டுக் கேட்டாலும்.